பதினேழாவது சென்டிமீட்டர்

"க்கும்!"

மருத்துவரின் கால் தானாகவே பிரேக்கின் மேல் போய் விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நடுச்சாலையில் நின்றது. பின்னால் வந்த பால் வண்டி, தன் கருத்தை ஹாரன் வழியாக விரிவாகத் தெரிவித்துவிட்டு விலகிப் போனது.

"நான் பிரேக் போடச் சொன்னேனா டாக்டர்?" என்று பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் கேட்டார்.

"இல்லைங்க. நீங்க தொண்டையைக் கனைச்சீங்க. ஏதோ ஆபத்தோன்னு..."

"நான் கனைக்கறது எந்தச் சாலை விதியிலயும் இல்லை. வண்டியை எடுங்க."

மருத்துவர் பணிவுடன் வண்டியை எடுத்தார். அது இரண்டு முறை துள்ளிவிட்டு நகர்ந்தது.

நாற்பது வயதை நெருங்கும் ஒருவர் இப்படித் துள்ளிப் போவது அவருக்கே கூச்சமாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் ஓட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். ஓட்டுவது வண்டி அல்ல, அவ்வளவுதான். ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள கரிய குழாய் ஒன்றை நோயாளியின் வாய் வழியே செலுத்தி, அதன் கைப்பிடியில் உள்ள இரண்டு சிறு சக்கரங்களைக் கட்டைவிரலால் திருப்பித் திருப்பி, உணவுக்குழாயில் இறங்கி, இரைப்பையைச் சுற்றி, சிறுகுடலின் முதல் வளைவு வரை போய்த் திரும்புவது அவருடைய தொழில். பத்து ஆண்டுகளில் ஏழாயிரம் பயணங்கள். எங்கும் ஒரு சிராய்ப்பு இல்லை.

"ஊரார் வயித்துக்குள்ள எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு போறீங்க, நம்ம தெருமுனை திரும்பத் தெரியலையே" என்பது அவர் மனைவியின் நிரந்தர அங்கலாய்ப்பு. இதுநாள் வரை அந்த அம்மையாரே காலையில் அவரை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு வந்தார். இப்போது அவருக்கு நகரின் மறுகோடியில் வேலை. ஆகவே மருத்துவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர நேர்ந்தது.

பயிற்சியாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வேலை. கற்க வருகிறவர்கள் எல்லோரும் நேரில் "அக்கா" என்பார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் "க்கும் அக்கா" என்பார்கள். நிமிடத்திற்கு ஒரு முறையாவது தொண்டையைக் கனைப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் புதியவர்கள் பதறிப்போய்க் கையில் கிடைத்ததைத் திருப்பி, காலில் கிடைத்ததை மிதித்தார்கள். சென்ற மாதம் மட்டும் ஒரு விளக்குக் கம்பமும், ஒரு பூந்தொட்டியும், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மிதிவண்டியும் இதனால் அடிபட்டிருந்தன.

"எவ்வளவு நாளா இப்படி இருக்குங்க?" என்று மருத்துவர், தொழில் பழக்கத்தால், மெல்லக் கேட்டார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னைத் தெரியலையா டாக்டர்?"

"மன்னிக்கணும்..."

"பதினோரு மாசம் முன்னாடி என் வாயில ஒரு வளையத்தை மாட்டி, உள்ள குழாயை விட்டீங்களே! இவ்வளவு நெருங்கிப் பழகிட்டு யாருன்னு கேக்கறீங்க?"

மருத்துவரின் காது மடல்கள் சிவந்தன. நோயாளிகள் அவர் முன் இடப்பக்கமாகச் சாய்ந்து, வாயில் வளையத்துடன், கண்களை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள். அவருடைய கண்களோ திரையில் இருக்கும். முகங்கள் அவர் நினைவில் தங்குவதில்லை. இரைப்பைகள் தங்கும்.

"தொண்டையில ஏதோ உருண்டையா நிக்குதுன்னு வந்தேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல பார்த்து எல்லாம் சரியா இருக்குன்னாங்க. நீங்களும் பார்த்துட்டு 'எல்லாம் இயல்பு'ன்னு எழுதினீங்க. கீழே ஒரு வரி வேற, 'மன அழுத்தம் காரணமாக இருக்கலாம்'னு. அந்த ஒத்தை வரியால என் குடும்பத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? இடது பக்கம் திரும்புங்க. இது வலது."

மருத்துவர் இடது பக்கம் திரும்பினார்.

"மனசுல இருக்கறதைச் சொல்லாம அடக்கிவெச்சா தொண்டையில உருண்டையா நிக்கும்னு என் நாத்தனார் எங்கயோ படிச்சிருக்கா. அன்னையில இருந்து வீட்டுல ஆளாளுக்கு ஆராய்ச்சி. நான் எதை அடக்கிவெச்சிருக்கேன்? நான்! அடக்கிவெக்கறவளா தெரியுதா டாக்டர், என்னைப் பார்த்தா?"

"நிச்சயமா இல்லைங்க" என்றார் மருத்துவர், மனமார.

"என் வீட்டுக்காரர் ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சு, தான் பண்ணின தப்பு பதினெட்டை ஒரு தாள்ல எழுதிட்டு வந்து வாசிச்சார். 'இதுல எதுன்னு சொல்லு, மன்னிப்பு கேட்டுடறேன்'னு. அதுல ஆறு எனக்கே தெரியாது! அப்பதான் நிஜமாவே தொண்டை அடைச்சுது. க்கும்!"

இம்முறை மருத்துவர் பிரேக்கை மிதிக்கவில்லை. கண்ணாடித் துடைப்பானை இயக்கிவிட்டார். வெயிலில் அது காய்ந்த கண்ணாடியைக் கிறீச்சிட்டுத் துடைத்தது.

வண்டி பள்ளி வாசலில் வந்து நின்றபோது, அக்காவின் குரல் இறங்கியது. "மாசக் கடைசி வரைக்கும்தான் டாக்டர் எனக்கு வண்டி. அதுக்கப்புறம் ஆபீஸ்ல உக்காந்து படிவம் நிரப்பணுமாம். முதலாளி மேலயும் தப்பு சொல்ல முடியாது, கம்பத்துக்கு யார் பதில் சொல்றது? மனநல மருத்துவர்கிட்ட போய் சரிபண்ணிட்டு வான்னார். போறதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லை. ஆனா போய் என்னன்னு சொல்றது? சொல்லாம வெச்சது ஒண்ணுமே இல்லையே!"

மாதக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பின்னோக்கி ஓட்டும் பாடம். காலி மைதானம் ஒன்றில் அக்கா நான்கு சிவப்புக் கூம்புகளை நட்டு வைத்திருந்தார். கூம்புகளுக்கு இடையே முன்னால் போய், அதே வழியில் பின்னால் வர வேண்டும். முன்னால் போகும்போது மருத்துவர் ஒரு கூம்பையும் தொடவில்லை. ஒரு சிறு பெருமிதம்கூட அவர் முகத்தில் தோன்றியது. பின்னால் வரும்போது மூன்று கூம்புகள் சாய்ந்தன. நான்காவது வண்டிக்கு அடியில் போய்விட்டது.

அக்கா இறங்கிப் போய் அதை இழுத்தெடுத்துக்கொண்டு வந்தார்.

"போகும்போது அங்குலம் அங்குலமா பார்த்துப் பார்த்துப் போனீங்க. வரும்போது மட்டும் என்ன அப்படி ஒரு பாய்ச்சல்?"

"அதே வழிதானேங்க... ஏற்கெனவே பார்த்தாச்சேன்னு..."

"எங்க பார்த்தீங்க? வண்டி கிளம்பின முதல் பத்தடி, நீங்க கியரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அந்தக் கூம்பு அங்க இருந்ததே உங்களுக்குத் தெரியாது. போகும்போதும் பார்க்கலை, வரும்போதும் பார்க்கலை. அப்புறம் அதுமேல ஏறாம என்ன பண்ணும்?"

மருத்துவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா தாம் அதிகம் திட்டிவிட்டோமோ என்று கவலைப்பட்டு, "பரவாயில்லை டாக்டர், எல்லாரும் அடிக்கற கூம்புதான்" என்றார்.

அவர் கூம்பை நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள் காலை, முதல் நோயாளி வருவதற்கு முன், எண்டோஸ்கோப்பி அறையின் கணினியில் பதினோரு மாதத்திற்கு முந்தைய படங்களை அவர் திறந்தார். இருபது ஆண்டு அனுபவமுள்ள சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். சிறுகுடலின் வளைவு, இரைப்பையின் அடிப்பகுதி, குழாயைத் திருப்பி எடுத்த இரைப்பையின் மேற்கூரை, இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடம், உணவுக்குழாயின் நடுப்பகுதி. எல்லாம் பளிச்சென்று இருந்தன. அதற்கு மேல் படம் இல்லை.

"கடைசிப் படம் எத்தனை மணி, சிஸ்டர்?"

"பத்து நாற்பத்திரண்டு, ஏழு செகண்ட்."

"குழாய் வெளியே வந்தது?"

"பத்து நாற்பத்திரண்டு, பத்து." சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மூணு செகண்ட். என்ன டாக்டர் ஆச்சு?"

"பாதி உணவுக்குழாயை மூணு செகண்ட்ல கடந்திருக்கேன்."

"எல்லாருக்கும் அப்படித்தானே இழுக்கறீங்க? அவங்களுக்குக் குமட்டும். நீங்க 'முடிஞ்சுது முடிஞ்சுது'ன்னு சொல்லிக்கிட்டே இழுப்பீங்க. நானும் கூடவே 'முடிஞ்சுதும்மா'ன்னு ஒத்து ஊதுவேன். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லையே!"

அதுதான் விஷயம். குழாய் உள்ளே போகும்போது, நோயாளி விழுங்குகிற அந்த ஒரு கணத்தில் அது தொண்டையின் வாசலை வழுக்கிக் கடந்துவிடும். எதுவும் கண்ணில் படாது. வெளியே வரும்போதோ, வந்த வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு. நோயாளி, சிஸ்டர், மருத்துவர் மூவருக்கும் ஒரே அவசரம். ஆக, வீட்டை மூலைமுடுக்கெல்லாம் சோதித்த ஏழாயிரம் முறையும் அவர் வாசற்படியைப் பார்த்ததே இல்லை.

அன்று மாலை அவர் பயிற்சிக்குப் போனபோது, வண்டியில் ஏறவில்லை. வெளியிலேயே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, "உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். இன்னொரு தடவை உள்ள பார்க்க அனுமதிப்பீங்களா?" என்றார்.

"மூணாவது தடவையா? என் தொண்டை என்ன டாக்டர், சுற்றுலாத் தலமா?"

"தப்பு என்னுது. நான் பார்க்க வேண்டிய ஓர் இடத்தைப் பார்க்கலை. அங்க ஏதாவது இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. இருந்தா இந்தத் தடவை விடமாட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து அக்கா கேட்ட கேள்வியில் கிண்டல் இல்லை. "அங்கயும் ஒண்ணும் இல்லைன்னா?"

"அப்போ அதையும் உண்மையா எழுதித் தர்றேன்."

"எழுதித் தந்தா நான் ஆபீஸ்ல படிவம் நிரப்பணும்." அவர் வண்டியின் கூரையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "சரி. ஆனா மயக்கமருந்து வேண்டாம். முழிச்சிருந்து நானும் பார்ப்பேன். நீங்க பின்னாடி வர்ற லட்சணம் எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை காலை அக்கா தம் கணவருடன் வந்தார். கணவர் மெலிந்த, சாந்தமான மனிதர். வரவேற்பில் காத்திருக்கச் சொன்னதும் அவர் சிஸ்டரிடம் தயங்கித் தயங்கி ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"சிஸ்டர், நானும் உள்ள வரலாங்களா?"

"எதுக்குங்க? பார்த்தா பயந்துடுவீங்க."

"இல்லைங்க. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இவ பத்து நிமிஷம் தொடர்ந்து பேசாம இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்."

சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் அவரைச் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்.

தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்தார்கள். அக்கா இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தார். பற்களுக்கு இடையே வளையம் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய வினாடி வரை அவர் திரையை இன்னும் கொஞ்சம் திருப்பி வைக்கும்படி உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். "விழுங்குங்க" என்றார் மருத்துவர். குழாய் இறங்கியது.

முதலில் எல்லாம் பழைய கதைதான். உணவுக்குழாயின் நடுவில் வெண்ணிறமாகச் சில சிறு புள்ளிகள் தென்பட்டன. சிஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இதுவா டாக்டர்?" என்றார்.

"இல்லை சிஸ்டர். இது நிறையப் பேருக்கு இருக்கும். யார் வம்புக்கும் போகாது."

இரைப்பை வழவழப்பாக, இளஞ்சிவப்பாக, குற்றம் சொல்ல இடமின்றி இருந்தது. சிறுகுடலின் முதல் வளைவும் அப்படியே. மருத்துவர் படங்களை எடுத்துக்கொண்டு திரும்பத் தொடங்கினார். குழாயின் மேல் சென்டிமீட்டர் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். பல்லின் அருகே எந்த எண் நிற்கிறதோ, குழாயின் நுனி அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பொருள்.

"எண்ணைச் சொல்லிக்கிட்டே வாங்க, சிஸ்டர்."

"முப்பது... இருபத்தஞ்சு... இருபத்திரண்டு."

வழக்கமாக மருத்துவரின் கை இழுத்துவிடும் இடம் இது. அக்காவுக்குக் குமட்டத் தொடங்கியது. தோள்கள் குலுங்கின, கண்களில் நீர் பெருகியது. "முடிஞ்சுது" என்ற சொல் சிஸ்டரின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. மருத்துவர் இழுக்கவில்லை.

"இன்னும் முடியலைங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க. மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்க. இருபது வந்தாச்சு, நிறுத்தறேன். நீங்க சொல்லுங்க, தயாரா?"

அக்காவால் சொல்ல முடியாது. ஆனால் மெத்தையின் மேல் கிடந்த அவருடைய வலக்கை மெல்ல எழுந்தது. மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே மருத்துவர் தினமும் பார்க்கும் அதே சைகை: விரல்கள் சேர்ந்து, முன்னும் பின்னும். வா. மெதுவா வா.

"பத்தொன்பது... பதினெட்டு..."

மருத்துவர் கொஞ்சம் காற்றைச் செலுத்திச் சுருங்கிய சுவரை விரித்தார். ஒரு பொத்தானை அழுத்தி வெள்ளை ஒளியை நீலப்பச்சை ஒளியாக மாற்றினார்.

"பதினேழு" என்றார் சிஸ்டர். உடனே, "ஐயோ, அது என்ன?" என்றார்.

வெளிறிய சுவரில், கட்டைவிரல் நகத்தின் அளவில், ஒரு திட்டு இருந்தது. ஓரங்கள் கத்தரித்தாற்போல் தெளிவாக இருந்தன. நீலப்பச்சை ஒளியில் அது பழுப்பாகத் தெரிந்தது. வெள்ளை ஒளிக்கு மாறியதும் ரோஜா நிறத்தில் மென்பட்டுப் போல் மின்னியது. மருத்துவருக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். நாலு நிமிடத்திற்கு முன் இரைப்பை முழுவதும் பார்த்த அதே நிறம்தான்.

நான்கு கோணங்களில் படம் எடுத்து, சிறு கிடுக்கியால் இரண்டு துணுக்குகள் கிள்ளி எடுத்த பிறகுதான் அவர், "இப்ப முடிஞ்சுது" என்றார்.

வளையத்தை எடுத்ததுதான் தாமதம். "அது என்ன டாக்டர்? நான் பார்த்தேன். ரெண்டு தடவை லைட்டை மாத்தினீங்க. ஏன் மாத்தினீங்க? கெட்டதா?" என்றார் அக்கா, மரத்துப்போன நாக்குடன்.

"கெட்டதா தெரியலைங்க. சதைத் துணுக்கைச் சோதிச்சு உறுதி பண்ணிக்குவோம். இது உங்க இரைப்பைத் தோல்தான். வயித்துல இருக்க வேண்டியது கொஞ்சம் தொண்டைக்குக் கீழ ஒட்டிக்கிட்டிருக்கு. தாய் வயித்துல நீங்க உருவாகும்போதே அங்க தங்கிப்போன ஒரு துண்டு. 'இன்லெட் பேட்ச்'னு சொல்லுவாங்க. நிறையப் பேருக்கு எந்தத் தொந்தரவும் தராது. சிலருக்கு மட்டும், இரைப்பை மாதிரியே அதுவும் துளித் துளியா அமிலம் சுரக்கும். அப்போ அந்த இடத்துல எப்பவும் ஏதோ நிக்கற மாதிரி இருக்கும்."

சுவரோரம் இருந்து ஒரு குரல் எழுந்தது. "அப்போ... என் மேல தப்பு ஏதும் இல்லைங்களா?"

"உங்க மேலயா? இல்லைங்க. இது அவங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நடந்தது."

கணவர் நெடுமூச்சு விட்டார். பதினோரு மாதப் பாரம் அதில் இறங்கியது. "அந்தப் பதினெட்டுக்காக இத்தனை நாளா காலையில நான்தாங்க எழுந்து காபி போடறேன். பாத்திரமும் நான்தான்."

"அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க?" என்றார் அக்கா. "காபியை என் தொண்டைக்காகவா போட்டீங்க? எனக்காகத்தானே போட்டீங்க? அது பாட்டுக்கு நடக்கட்டும்."

சோதனை முடிவு ஆறு நாளில் வந்தது. இரைப்பைத் திசு, கெட்ட அணுக்கள் ஏதும் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் அன்றே தொடங்கினார். மூன்று நான்கு வாரத்தில் குணம் தெரியலாம் என்றும், தெரியாவிட்டால் அந்தத் திட்டை மட்டும் சுட்டு நீக்க வழி உண்டு என்றும், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

ஆனால் மாதக் கடைசிக்கு ஆறே நாள் இருந்தது. முதலாளிக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது.

மருத்துவர் அதை மூன்று முறை எழுதிக் கிழித்தார். நான்காவது முறை எழுதியதைச் சிஸ்டர் வாங்கிப் படித்துவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்தார். "'சென்ற ஆண்டுப் பரிசோதனையில் இப்பகுதியை நான் சரியாகப் பார்க்கத் தவறினேன், மன அழுத்தம் என்று குறிப்பிட்டது என் பிழை.' இந்த வரி அவசியமா டாக்டர்? இது இல்லாமலே கடிதம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். ஆனா அந்த முதலாளிகிட்ட அக்கா கொடுத்த என்னோட பழைய அறிக்கையும் இருக்கு. ரெண்டுல எதை நம்பணும்னு அவருக்கு யார் சொல்றது?"

சொல்லிவிட்டு அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதலாளி கனத்த உடம்புக்காரர், வியாபாரத்தில் கறார். மருத்துவரும் அக்காவும் எதிரே நிற்க, அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பின்பு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மருத்துவரைப் பார்த்தார்.

"மூணு கூம்பை அடிச்சிட்டு, கூம்பு தப்பான இடத்துல இருந்துச்சுன்னு சொல்ற ஆளுங்கதான் இங்க வர்றாங்க. தப்பு என்னோடதுன்னு எழுதியே கொடுத்த முதல் ஆள் நீங்க." அவர் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். "நாலு வாரம் தர்றேன். அதுவரைக்கும் புது ஆளுங்களுக்கு வேற ஒருத்தர் சொல்லித் தரட்டும். உங்களுக்கு மட்டும் அக்கா. நாலாவது வாரம் நானே பின் சீட்ல உக்காந்து கனைப்பை எண்ணுவேன். ஒரு மணி நேரத்துல பத்துக்கு மேல போச்சுன்னா ஆபீஸ்தான். சரியா?"

"சரிங்க" என்றார் மருத்துவர். "சரின்னு நான் சொல்லணும்" என்றார் அக்கா. பிறகு, "சரி" என்றார்.

அந்த நான்கு வாரமும் மருத்துவருக்குப் பாதிக் கவனம் சாலையில், பாதிக் கவனம் பக்கத்து இருக்கையில். முதல் வாரம் மாற்றமே இல்லை. இரண்டாம் வாரம் அக்கா, "உருண்டை சின்னதாயிருக்கு டாக்டர், எலுமிச்சை பட்டாணியாச்சு" என்றார். மூன்றாம் வாரம் ஒரு நாள் முழுத்தெருவும் கனைப்பில்லாமல் கடந்தது. மறுநாள் மறுபடியும் ஏழு. "ஏறு இறங்குன்னுதான் இருக்கும், பயப்படாதீங்க" என்று மருத்துவர் தேற்றினார். அவர் தம்மையும் சேர்த்துத்தான் தேற்றிக்கொண்டார்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை, முதலாளி ஒரு நோட்டும் பென்சிலுமாகப் பின் இருக்கையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி அந்தப் பக்கமாகச் சற்றே சாய்ந்தது. அக்கா அன்று வழக்கத்தைவிட நிமிர்ந்து அமர்ந்திருந்தார். மருத்துவர் சீட்பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, வண்டியைத் துள்ளாமல் எடுத்தார்.

கடைவீதியில் ஒரு முறை "க்கும்" வந்தது. நோட்டில் பென்சில் கீறும் சத்தம் கேட்டது. பாலத்தின் மேல் ஒன்று. பள்ளிக்கூட வாசலில், குழந்தைகள் சாலையைக் கடந்தபோது, ஒன்று. அதன் பிறகு நெடுஞ்சாலை. வண்டி ஒரே சீராக ஓடியது. அக்கா, "நாலாவது கியர். ம், நல்லாருக்கு. அப்படியே விடுங்க" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் இன்னொரு "க்கும்". பென்சில் சத்தம் இல்லை.

மருத்துவர் நடுக் கண்ணாடியில் பார்த்தார். முதலாளியின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. நோட்டு வயிற்றின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தூங்கறார்" என்று மருத்துவர் கிசுகிசுத்தார்.

"பன்னிரண்டு வருஷத்துல கத்துக்கறவங்க ஓட்டற வண்டியில இந்த மனுஷன் கண்ணை மூடினதே இல்லை" என்று அக்காவும் கிசுகிசுத்தார். "முன்னாடி பாருங்க நீங்க."

சிக்னலில் வண்டி நின்றபோது முதலாளி திடுக்கிட்டு விழித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த கண்டிப்புடன் நோட்டைப் புரட்டினார். "எத்தனை ஆச்சு?"

நோட்டில் மூன்று கோடுகள்தான் இருந்தன. அக்கா திரும்பிப் பார்த்தார்.

"நாலு. ஒண்ணு நீங்க தூங்கும்போது வந்துச்சு."

முதலாளி மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் நான்காவதையும் நிதானமாகப் போட்டு, நோட்டை மூடினார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் புதுசா ஒரு அம்மா வர்றாங்க. ஸ்டியரிங்கையே தொட்டதில்லையாம். நீங்க எடுத்துக்கங்க."

மருத்துவர் ஓரக்கண்ணால் பார்த்தபோது, அக்கா ஜன்னலுக்கு வெளியே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, இமைகளை வேகமாகக் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் முழுமையாகப் பேசாமல் இருந்தார். பின்னால் ஒரு ஹாரன் அலறியது.

"பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு!" என்றார். "என் மூஞ்சியில என்ன டாக்டர் சிக்னல் எரியுது? போங்க."